புதிய மொபைல் ஓஎஸ் நிலைக்குமா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் மாற்றாக ஒரு புதிய இயங்குதளம் (ஓஎஸ்) வருகிறது என்றால், அதன் திரை எப்படி இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தே பலரும் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அது நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. சந்தையில் நிற்குமா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

2009-ல் பாம் நிறுவனம் கொண்டுவந்த வெப்ஓஎஸ்ஸில், திறந்திருக்கும் செயலிகள் அட்டை அட்டையாக வரிசையில் நிற்கும். வேண்டாததை விரலால் மேலே தள்ளினால் மூடிவிடும். இன்று பெரும்பாலான போன்களில் அதைத்தான் செய்கிறோம். 2011-ல் வந்த நோக்கியா என்9, முகப்புக்குப் போக ஒரு பட்டன்கூட இல்லாமல் விரல் இழுப்பிலேயே எல்லாவற்றையும் முடித்தது. அருமையான வேலைப்பாடு. ஆனால் என்9 அறிமுகமாவதற்குச் சில மாதங்கள் முன்பே, இனி மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போன் தளம்தான் எங்கள் வழி என்று நோக்கியாவே அறிவித்திருந்தது. கைவிடப்போகும் தளத்துக்கு யார் செயலி எழுதுவார்கள்?

அடுத்த தவறு, ஸ்டோரில் எத்தனை செயலிகள் இருக்கின்றன என்று எண்ணுவது. விண்டோஸ் போன் ஸ்டோரில் லட்சக்கணக்கில் இருந்தன. ஆனால் முழுமையான யூடியூப் செயலி ஒன்றை கூகுள் அதற்குத் தரவில்லை. 2013-ல் மைக்ரோசாஃப்ட் தானே ஒன்றை எழுதியது. கூகுள் அதை முடக்கியது. ஒருவர் தினமும் தொடும் செயலிகள் பத்துப் பதினைந்துதான். ஆனால் அதில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் பழைய போனுக்கே திரும்பிவிடுவார். அந்தப் பத்தும் ஆளுக்கு ஆள் வேறு என்பதுதான் பெரிய சிக்கல்.

சரி, ஆண்ட்ராய்டு செயலிகளையே ஓட வைத்துவிட்டால்? கேட்க நல்ல தீர்வாகத்தான் இருக்கிறது. பெரும்பாலானோர் ஏமாறுவதும் இங்கேதான். 2013-ல் வந்த பிளாக்பெர்ரி 10 அதைச் செய்தது. விளைவு, அந்தத் தளத்துக்கென்று தனியாக எழுத டெவலப்பர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் காரணமும் குறைந்தது. இன்னொன்றும் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதுதான். ஆனால் வரைபடம், அறிவிப்புகள், செயலிக்குள் பணம் கட்டுவது போன்றவற்றுக்குப் பல செயலிகள் நம்பியிருக்கும் கூகுள் பிளே சேவைகள் அந்த மூலநிரலில் இல்லை. அவற்றுக்கு கூகுளின் உரிமம் வேண்டும். இதுபோக, வங்கிச் செயலிகள் பல, தாம் ஓடும் போன் கூகுள் சான்று பெற்றதுதானா என்று சோதித்துவிட்டே திறக்கின்றன. ஆகவே ‘ஆண்ட்ராய்டு செயலிகள் எல்லாம் ஓடும்’ என்ற விளம்பரத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். வங்கிச் செயலி திறக்கிறதா, அறிவிப்பு நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு.

போன் தயாரிப்பாளர்கள் நினைத்தால் யாருடைய ஓஎஸ்ஸையும் போட்டு விற்கலாம் என்று நினைப்பதும் சரியல்ல. 2012-ல் அலிபாபாவின் அலியுன் ஓஎஸ்ஸுடன் ஒரு போனை வெளியிட ஏசர் தயாரானது. கூகுளின் எதிர்ப்பால் கடைசி நேரத்தில் அறிமுகவிழாவே ரத்தானது. கூகுள் சேவைகள் வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டின் வேறு வடிவங்களில் ஓடும் போன்களை விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்கள் இருந்தன. 2018-ல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விலை குறைந்தால் விற்றுவிடும் என்பார்கள். 25 டாலர் போன் என்ற அறிவிப்பும் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸைக் காப்பாற்றவில்லை. அதே மூலநிரலிலிருந்து பிறந்த காய்ஓஎஸ் கோடிக்கணக்கான போன்களுக்குப் போனது. அது தொடுதிரைப் போன்களோடு மோதாமல் பட்டன் போன்களுக்குள் புகுந்தது. வாட்ஸ்அப்பும் அதற்குக் கிடைத்தது.

கணக்குப் போடுபவர்கள் அதிகம் மறப்பது நம்பிக்கையை. 2012 ஏப்ரலில் நோக்கியாவின் விண்டோஸ் போனான லூமியா 900 வாங்கியவருக்கு, விண்டோஸ் போன் 8 அவருடைய போனுக்கு வராது என்று ஜூனிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜூலையில் விற்பனைக்கு வந்த தன் வெப்ஓஎஸ் டேப்லெட்டை, பாமை வாங்கியிருந்த எச்பி ஆகஸ்டிலேயே கைவிட்டது. காசு கொடுத்து வாங்கியவரும், இரவெல்லாம் உட்கார்ந்து செயலி எழுதியவரும் இதை லேசில் மறக்க மாட்டார்கள். அப்புறம் அதே நிறுவனம் எதை அறிவித்தாலும், இதாவது எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான்.

சீனாவின் ஹுவாவே உருவாக்கிய ஹார்மனிஓஎஸ்ஸைக் காட்டி, பார், முடிகிறதே என்று சொல்பவர்களும் உண்டு. 2024-ல் வந்த அதன் புதிய பதிப்பு ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான ஆதரவையே விட்டுவிட்டது. அது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் ஹுவாவேயிடம் சொந்த சிப் வடிவமைப்பு இருக்கிறது, சொந்தப் போன்கள் இருக்கின்றன. சீனாவில் கூகுள் சேவைகள் முன்பே இல்லை. அதனால் அங்குள்ளவர்கள் அவற்றை இழக்கவும் வேண்டியிருக்கவில்லை. இத்தனையும் ஒன்றாக அமைந்த இன்னொரு நிறுவனத்தைக் காட்டுவது கடினம்.

மூன்றாவது இடம் பிடிப்பது மட்டுமே வெற்றி என்று அளப்பதையும் விட்டுவிடலாம். வெப்ஓஎஸ் இன்று எல்ஜி தொலைக்காட்சிகளில் ஓடுகிறது. என்9-ன் மரபில் வந்த செய்ல்ஃபிஷ் ஓஎஸ் இன்னும் வளர்ந்துவருகிறது. 2017-ல் கனோனிக்கல் நிறுவனம் கைவிட்ட உபுண்டு டச் என்ற மொபைல் ஓஎஸ்ஸை ஆர்வலர்கள் கையிலெடுத்து, இன்றுவரை பழைய போன்களுக்கும் அப்டேட் தந்துகொண்டிருக்கிறார்கள்.