ஆலிவ் சக்கையிலிருந்து அமிலங்கள்: காற்றில்லா நொதித்தல், படிப்படியாக

100 கிலோ ஆலிவ் காயை அரைத்துப் பிழிந்தால் ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய்தான் தேறும். ஸ்பெயினில் 1990-களின் தொடக்கத்திலிருந்து பரவிய இருநிலைப் பிரிப்பு முறையில் மீதியெல்லாம் ஈரச் சக்கையாக வெளியேறுகிறது. அங்கே இதை 'அல்பெருஹோ' என்பார்கள். அப்படியே நிலத்தில் கொட்டினால், இதிலுள்ள பாலிபீனால்கள் எனும் தாவர வேதிப்பொருள்கள் விதைகளை முளைக்கவிடாது. ஆனால் இதே சக்கையில் அசிட்டிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் உருவாகக் காத்திருக்கின்றன.

காற்றில்லாச் சூழலில் நுண்ணுயிர்கள் முதலில் சர்க்கரைகளை அமிலங்களாக்கும். பிறகு வேறு நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று மீத்தேனாக்கிவிடும். அந்த இரண்டாம் கூட்டத்தை உள்ளே விடாமலிருப்பதுதான் நம் வேலை.

படி 1: சக்கையைச் சல்லடையில் தேய்த்துக் கொட்டைத் துண்டுகளை நீக்குங்கள். ஒரு லிட்டர் குப்பிக்கு 120 கிராம் சக்கை, 500 மில்லி தண்ணீர் போதும். நீர் சேர்ப்பது பாலிபீனால்களின் கடுமையைத் தணிக்கவும்தான். சக்கையில் நைட்ரஜன் குறைவு என்பதால் அரை கிராம் யூரியா சேருங்கள்.

படி 2: உயிரிவாயுக் கலனிலிருந்து 70 மில்லி கழிவுச்சேறு எடுத்து, 90 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம். மீத்தேன் நுண்ணுயிர்கள் வித்துறை (ஸ்போர் எனும், வெப்பத்தைத் தாங்கும் கெட்டிக் கூடு) கட்டுவதில்லை, அதனால் மடிந்துவிடும். அமிலம் உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியா வகைகள் வித்துறைக்குள் ஒடுங்கித் தப்பிக்கும். ஆறிய பிறகே சக்கைக் கரைசலில் கலக்குங்கள்.

படி 3: பி.எச். அளவை 5.5-க்குக் கொண்டுவாருங்கள். மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 7 பிடிக்கும், 5.5-இல் அவை தடுமாறும். நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, மூடியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விடுங்கள். குப்பியை ஒருபோதும் இறுக அடைக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேரும். அருகில் நெருப்பு கூடவே கூடாது.

படி 4: 35 டிகிரியில் வைத்து, தினமும் குலுக்கி, பி.எச். பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். குழாய் முனையில் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். கரும்பழுப்புக் கரைசலில் வினிகர் நெடியும், பிறகு கெட்டுப்போன வெண்ணெயின் வாடையும் எழும். பின்னது பியூட்டிரிக் அமிலம். அமிலம் சேரச் சேரப் பி.எச். சரியும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு மீண்டும் 5.5-க்குத் திருப்புங்கள். காரம் சேர்க்கத் தேவையில்லாத நாள் வந்தால் அமில உற்பத்தி ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

படி 5: வடிகட்டிக் குளிரில் வையுங்கள். எந்த அமிலம் எவ்வளவு என்பதை வாயு நிறப்பிரிகைக் கருவி சொல்லும். இந்தத் திரவத்தை உண்டு சில பாக்டீரியாக்கள் மக்கும் பிளாஸ்டிக்கான பி.எச்.ஏ.வைத் தம் உடலுக்குள் சேமிக்கும். எத்தனாலும் சேர்த்துக் கொடுத்தால், குளோஸ்ட்ரிடியம் குளுய்வேரி அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களை ஆறு கார்பன் கொண்ட கேப்ரோயிக் அமிலமாக நீட்டித் தரும். அது எண்ணெய்போல நீரைவிட்டு ஒதுங்கும் இயல்புடையது, பிரித்தெடுப்பதும் எளிது.