ஒருசந்தியில் மிஞ்சும் ஒரு பிடி: தவக்காலத்தை வீட்டில் கடைப்பிடிக்கும் முறை

ஈஸ்டருக்கு முன் வரும் 40 நாள் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலுடன் வீடு திரும்பும்போது இருக்கிற உறுதி, நம்மில் பலருக்கு இரண்டாம் வாரத்துத் திங்கட்கிழமைக்குள் கரைந்துவிடுகிறது. பக்தி குறைந்துவிட்டதென்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். என் அனுபவத்தில், செபம் ஒரு வேலை, நோன்பு ஒரு வேலை, தர்மம் ஒரு வேலை என்று மூன்றையும் தனித்தனியாகத் தலையில் ஏற்றிக்கொள்வதால்தான் பாரம் தாங்காமல் போகிறது. சாம்பல் புதனன்று திருப்பலி வழிபாட்டில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் தர்மம், செபம், நோன்பு மூன்றையும் ஒரே தொடர்ச்சியில் பேசுகிறது. 5ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ரவென்னா நகரில் ஆயராக இருந்த புனித பேதுரு கிறிசோலோகு, இம்மூன்றில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் எதுவுமே இல்லை என்று தம் மறையுரையொன்றில் கூறியிருக்கிறார். வீட்டு வழக்கில் சொல்வதானால், நோன்பில் மிஞ்சுவது தர்மத்துக்குப் போகிறது. அந்தக் கணக்கை ஆண்டவர் முன் விரித்துவைத்துப் பார்க்கும் நேரமே செபம். இந்த ஒரே கணக்கை 40 நாளும் நடத்திச் செல்வது எப்படி என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன் என்பதால் எங்கள் சொற்களும் ஒழுங்குகளும் மிகுதியாக வரும். லெந்து நாட்கள் என்று சொல்லி இக்காலத்தை அனுசரிக்கும் தென்னிந்தியத் திருச்சபை அன்பர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நாள் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சாம்பல் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையில் வரும் 6 ஞாயிறுகளும் உயிர்ப்பின் நாட்களாதலால் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை; மீதி 40. 2026ஆம் ஆண்டில் சாம்பல் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஏப்ரல் 5. 2027இல் அவை பிப்ரவரி 10க்கும் மார்ச் 28க்கும் முன்னேறுகின்றன.

திட்டமிடுவதற்கு ஏற்ற நாள் சாம்பல் புதனுக்கு முந்தைய நாளான செவ்வாய்க்கிழமை. அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து, இந்த ஆண்டு எதை விடப்போகிறோம் என்று பேசி முடிவு செய்யுங்கள். காசு மிஞ்சும் ஒன்றும் நேரம் மிஞ்சும் ஒன்றுமாக இரண்டை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. மாலையில் கடையில் வாங்கும் வடையையும் தேநீரையும் நிறுத்தினால் காசு மிஞ்சும்; இரவு 9 மணிக்கு மேல் கைப்பேசியைத் தொடுவதில்லை என்றால் நேரம் மிஞ்சும். மிஞ்சும் காசு உண்டியலுக்கும் மிஞ்சும் நேரம் செபத்துக்கும் என்று அப்போதே பிரித்துவிட வேண்டும். ஏழெட்டுத் தீர்மானங்களைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் மட்டும் ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு வரை நிற்கும்.

நோன்பு ஒழுங்கு நாம் நினைப்பதைவிட எளிது. சாம்பல் புதனும் புனித வெள்ளியும் நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை அவ்விரு நாட்களிலும் ஒரு வேளை மட்டும் முழு உணவும், மற்ற இரு வேளைகளில் சிறிதளவும் உண்ணலாம். இதைத்தான் நம் முன்னோர் ஒருசந்தி என்றார்கள். 14 வயது நிறைந்த அனைவரும் அவ்விரு நாட்களிலும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். இதற்குப் பழைய பெயர் சுத்தபோசனம். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் நோன்புக் கடமை இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விடக் கூடாது. அவர்கள் வேறொன்றை விடலாம்.

ஒழுங்கின் எழுத்துப்படி வெள்ளிக்கிழமையில் மீன் உண்பதற்குத் தடையில்லை. ஆனால் ஆட்டுக்கறி வாங்காமல் அதைவிட விலை கூடிய வஞ்சிரத்தை வாங்கி வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, சுத்தபோசனம் காத்தேன் என்று சொல்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஊர்களில் பல வீடுகளில் அந்நாட்களில் மீனையும் முட்டையையும் சேர்த்தே விலக்கினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இறைச்சியை விடுவது பெரிய காரியமே இல்லை, மீனை விடுவதுதான் ஒறுத்தல். எதை விட்டால் நாக்கு முறையிடுகிறதோ அதுவே உங்களுக்குரிய நோன்பு.

செபத்துக்கு வருவோம். நாளொன்றுக்கு 15 நிமிடம் போதும். ஆனால் அது ஒரே இடமாகவும் ஒரே நேரமாகவும் இருக்க வேண்டும். சமையலறையில் பால் காயும் வரை காத்திருக்கும் நேரம், அலுவலகப் பேருந்துக்கு முந்தைய கால் மணி நேரம் என்று எதுவாயினும் சரி, அது கைப்பேசியை எடுப்பதற்கு முன் அமைவது முக்கியம். அன்றைய திருப்பலியின் நற்செய்திப் பகுதியை எடுத்து முதலில் வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். இரண்டாம் முறை மெதுவாக வாசிக்கையில் ஏதாவது ஒரு சொல் காலில் முள் தைத்தாற்போல நிறுத்தும். அங்கேயே நின்றுவிடுங்கள், பகுதியை முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். மூன்றாம் முறை அந்தச் சொல்லை உங்கள் வீட்டு ஆட்களோடும் இன்றைய வேலைகளோடும் சேர்த்துப் பார்த்து, நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அவ்வளவுதான் காலைச் செபம். நோட்டு ஒன்றே போதும். அதன் பின்பக்கத்தை எதற்காக ஒதுக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே நிற்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாண்டுச் சுழற்சியாக வரும் திருவழிபாட்டு வாசகங்களின் முதல் ஆண்டில், அதாவது 2026இல் நடப்பதைப் போன்ற ஆண்டுகளில், தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் யோவான் நற்செய்தியிலிருந்து சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர் ஆகியோரின் நிகழ்ச்சிகள் வாசிக்கப்படுகின்றன. பார்வையற்றவர் பார்வை பெற்றுத் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் வாக்குவாதம் செய்கிறார்கள். இங்கே அமர்ந்து பிச்சை எடுத்தவர் இவர்தானே என்கிறார்கள் சிலர். இல்லை, இவர் அவரைப் போல இருக்கிறார் என்கிறார்கள் வேறு சிலர். நான் இந்த இடத்தைப் பல ஆண்டுகள் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். ஒருமுறை அங்கே நின்றபோதுதான், தினமும் வழியில் கண்ட மனிதரின் முகம் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பது உறைத்தது. எங்கள் கோவில் வாசலில் அமரும் பாட்டியின் பெயர் எனக்கும் தெரியாது. அந்த வாரத் தியானம் முழுவதும் அந்தப் பெயரைக் கேட்டு அறிவதில் முடிந்தது. சில்லறையைப் போட்டுவிட்டு நகராமல் படியில் உட்கார்ந்து பேசியதில், அவருக்குக் காசைவிட ஒரு பக்கக் காதில் கேட்காததுதான் பெருங்கவலை என்று தெரியவந்தது.

இரவில் படுக்கும் முன் 5 நிமிடம் ஆன்ம சோதனை செய்யுங்கள். இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த வழி எளியது: அன்றைய நாளுக்கு நன்றி சொல்வது, ஒளி வேண்டுவது, காலை முதல் இரவு வரை நாளைப் பின்னோக்கிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு காரியத்தைத் தீர்மானிப்பது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இன்று யாரிடம் கடுமையாகப் பேசினோம் என்ற ஒரே கேள்வியைப் பெரியவர்கள் முதலில் தமக்குக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னால், பிள்ளைகள் தாமாகவே தொடர்வார்கள். செவ்வாய், வெள்ளிகளில் செபமாலையில் இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் துயர மறையுண்மைகளைக் குடும்பமாகச் சொல்வது பழைய பழக்கம். விட்டுப்போயிருந்தால் இப்போது தொடங்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலையில் நம் பகுதிக்குரிய பங்குக் கோவிலில், இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை நடக்கும். போக முடியாதவர்கள் வீட்டிலேயே 14 நிலைகளையும் செய்யலாம். சுவரில் ஒரு சிலுவை இருந்தால் போதும், படங்கள் கட்டாயமில்லை. பழைய செபங்களில் வரும் ‘அதேதென்றால்’ என்ற சொல்லைக் கேட்டுச் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ‘ஏனென்றால்’ என்பதற்கு அந்நாளைய வழக்கு அது என்று சொல்லிக்கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு நிலையிலும் நீண்ட தியானம் வாசிப்பதைவிட, வாரம் ஒரு நிலையில் மட்டும் நெடுநேரம் நிற்பது பயனளிக்கும். 5ஆம் நிலையில் சிலுவையைச் சுமந்த சிரேன் ஊர் சீமோன் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர், வழியில் பிடித்துக் கட்டாயப்படுத்தப்பட்டவர். அவர் அலெக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை என்று மாற்கு பெயர் சொல்லி எழுதுகிறார். விரும்பி ஏற்காத சுமைகூட ஒரு குடும்பத்தின் பெயரை நற்செய்தியில் நிறுத்தியிருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரையோ அப்பாவையோ பார்த்துக்கொள்பவர்கள் இந்த நிலையில் நிற்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இனி தர்மம். மூன்றில் இதைத்தான் நாம் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறோம், பிறகு அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். அந்த நோட்டின் பின்பக்கத்தை இதற்காக ஒதுக்குங்கள். என் வீட்டு நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘புதன், வடை தேநீர் 30. வியாழன், 30. வெள்ளி, கறி வாங்கவில்லை, 400. சனி, தவறிவிட்டேன்.’ அன்றன்றைய தொகையை அன்றே உண்டியலில் போட வேண்டும். பங்கில் கொடுக்கும் அட்டை உண்டியல் இல்லையென்றால் மூடியில் கீறல் போட்ட தகர டப்பா போதும். ஒரு நாளைக்கு 30 ரூபாய் என்றாலும் 40 நாளில் 1,200 ரூபாய் சேர்ந்துவிடும். காசு புழங்காத வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைக்கும் பழக்கம் உண்டு. பாட்டிமார் விட்டுச்சென்ற அந்தக் கைப்பிடி அரிசியைப் போலச் சிறுபிள்ளைகளுக்குத் தர்மத்தை விளக்கும் வழி வேறில்லை. ஒவ்வொரு பிடியையும் அவர்கள் கையாலேயே அள்ளச் செய்யுங்கள்.

கொடுக்கும் முறையில் நான் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் புனித வாரத்தில் வீட்டு அலமாரியைக் காலி செய்து, மூட்டை நிறையப் பழைய துணிகளை ஒரு சிறுவர் இல்லத்தில் கொண்டுபோய் இறக்கினேன். அங்கிருந்த துறவறச் சகோதரி மூட்டையைப் பிரித்து, பொத்தான் இல்லாத சட்டைகளை ஒரு பக்கமும் கிழிந்தவற்றை இன்னொரு பக்கமுமாக என் எதிரிலேயே பிரித்து அடுக்கினார். கடிந்து ஒரு சொல் பேசவில்லை. அடுத்த முறை வருவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள், பிள்ளைகளுக்கு இப்போது தேவைப்படுவது உள்ளாடையும் சோப்பும் என்றார். அலமாரியைச் சுத்தம் செய்ததற்குத் தர்மம் என்று பேர் வைத்திருந்தேன். அன்று முதல் இரண்டை விடாமல் கடைப்பிடிக்கிறேன்: கேட்டுக் கொடுப்பது, புதிதாக வாங்கிக் கொடுப்பது.

யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் பங்கில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையினரை அணுகலாம். 1833இல் பாரீசில் பிரடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இச்சபையினர் ஏழைக் குடும்பங்களை வீடு தேடிச் சென்று பார்ப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டவர்கள். எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்த வீட்டில் மருந்து இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பங்கில் எடுக்கப்படும் தவக்காலக் காணிக்கையும் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப்பணி அமைப்பான காரித்தாஸ் இந்தியா ஆண்டுதோறும் நடத்தும் தவக்கால இயக்கமும் உண்டு. எனினும் உண்டியலில் ஒரு பகுதியையாவது நேரில் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் நோயாளியோடு துணைக்கு இருப்பவர்கள் பல வேளை பட்டினி கிடப்பார்கள். நோயாளிக்கு உணவு கிடைத்தாலும் இவர்களை யாரும் கேட்பதில்லை. 10 பொட்டலம் எலுமிச்சைச் சாதத்துடன் சென்று, அருகில் அமர்ந்து, யாருக்கு என்ன உடம்பு என்று கேட்டுவிட்டு வாருங்கள். தேவையோடு இருப்பவரின் கண்களைக் காத்திருக்க வைக்காதே என்று கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் நூல் சொல்கிறது. அதனால் வாரந்தோறும் உண்டியலைத் திறந்து கொடுப்பதில் தவறில்லை, புனித வாரம் வரை பூட்டிவைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வருவதை இக்காலத்துக்குச் சொல்வதானால், பொட்டலம் வாங்குபவரைப் படம் எடுக்காதீர்கள் என்று சொன்னால் போதும். பங்கு இளைஞர்கள் இதை நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். வாங்கும் கை வெட்கத்தில் சுருங்குவதை அந்தப் படத்திலேயே பார்க்கலாம்.

குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் புனித வாரத்து நீண்ட வரிசைக்குத் தள்ளாமல் 3ஆம் வாரத்திலேயே முடித்துக்கொண்டால், அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் திருந்தி நடந்து பழகிக்கொள்ள இன்னும் சில வாரம் கிடைக்கும். யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு குருவானவரிடம் போங்கள். இடையில் ஒரு நாள் நோன்பு தவறினால் அந்த நாளை நோட்டில் அப்படியே எழுதிவிட்டு மறுநாள் தொடருங்கள். தவறிய நாளுக்கு ஈடாக இரு மடங்கு பட்டினி கிடப்பது உடம்பையும் கெடுக்கும், வீட்டாரிடம் எரிந்து விழவும் வைக்கும்.

பெரிய வியாழனன்று காலையில் உண்டியலில் மிஞ்சியிருப்பதை எல்லாரும் சேர்ந்து எண்ணுங்கள். அதில் ஒரு பகுதியை உடனே செலவிடாமல் ஓர் உறையில் போட்டு ஜூன் மாதம் வரை வைத்திருக்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில்தான் நோட்டுப் புத்தகத்துக்கும் செருப்புக்கும் வழியில்லாத வீடுகள் தெரியவரும். அந்நேரத்தில் தவக்கால உண்டியல்கள் எல்லாம் காலியாகி இரண்டு மாதம் ஆகியிருக்கும். உறையின் மேல் குழந்தையின் பெயரை எழுத வேண்டாம், எத்தனையாம் வகுப்பு என்று மட்டும் குறித்துவைத்தால் போதும்.