லைட் துடிக்குதான்னு கண்ண மட்டும் நம்பாதீங்க, இப்படி செக் பண்ணுங்க

பகல்ல எவ்ளோ நேரம் படிச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது, ராத்திரி அதே டேபிள்ல அதே புக்க எடுத்து உக்காந்தா முக்கால் மணி நேரத்துல கண்ணுக்குப் பின்னாடி வலி பிடிச்சுக்கும். கண்ணாடி பவர் மாத்திப் பாத்தேன், சீக்கிரம் தூங்கிப் பாத்தேன், ஒண்ணும் வேலைக்காகல. கடைசில பாத்தா வினை டேபிள் லாம்ப்ல. பாக்க சீரா தான் எரிஞ்சுது, ஆனா செகண்டுக்கு 100 தடவ மங்கி மங்கி எரிஞ்சிட்டு இருந்திருக்கு.

அது எப்படி கண்ணுக்கே தெரியாம போச்சுன்னா, செகண்டுக்கு ஒரு 50, 60 தடவைக்கு மேல வெளிச்சம் மின்னினா பெரும்பாலான ஆளுங்களுக்கு அது ஒரே வெளிச்சமா தான் தெரியும் (ஓரக்கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூட புடிபடும்). கண்ணுக்குத் தெரியலன்னாலும் விழித்திரை அந்த துடிப்ப உள்ள அனுப்பிட்டே தான் இருக்கும், பின்மண்டைல இருக்கிற பார்வைப் பகுதியோட செல்கள் நம்ம உணர முடியாத வேகத்துக்கும் கூடவே துடிக்கிறத சோதனைகள்ல பதிவு பண்ணியிருக்காங்க. மெதுவா மின்னுற லைட்டா இருந்தா இன்னும் தெளிவு, 1934லயே கேம்பிரிட்ஜ்ல ஏட்ரியன், மேத்யூஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க மின்னுற லைட்டுக்கு ஏத்த மாதிரி மூளை அலை தாளம் மாத்துறத ஈஈஜில (மூளையோட மின் அலைகள பதிவு பண்ற சோதனை) காட்டிட்டாங்க. நமக்கு முக்கியமான சோதனை 1989ல வந்தது. இங்கிலாந்துல ஆர்னால்ட் வில்கின்ஸும் கூட இருந்தவங்களும் ஒரு ஆபீஸ்ல பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டையும் ரொம்ப வேகமா துடிக்கிற எலக்ட்ரானிக் சோக்கையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாங்க, வேகமானதுல தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. அதனால "எனக்கு எதுவும் மின்னலயே"ன்னு யாராச்சும் சொன்னா அத வச்சு உங்க தலைவலிய சந்தேகப்படாதீங்க.

சரி, செக் பண்றது. ராத்திரி மத்த லைட்டெல்லாம் அணைச்சுட்டு அந்த ஒரு லைட்ட மட்டும் போடுங்க. வெளிர் கலர் பென்சில் ஒண்ண எடுத்து, பின்னாடி கருப்பா ஏதாச்சும் இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டு வேகமா இடம் வலம் ஆட்டுங்க. பென்சில் ஒரே புகை மாதிரி கலங்கலா தெரிஞ்சா நல்ல லைட். விசிறி மடிப்பு மாதிரி தனித்தனி பென்சிலா வரிசையா தெரிஞ்சா துடிக்குதுன்னு அர்த்தம். முதல்ல பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல ஒரு தடவ ஆட்டிப் பாருங்க, சூரியன் துடிக்காதுல்ல, அப்போ கலங்கல்னா எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகிடும்.

அடுத்தது ஃபோன். சாதா கேமரால நம்பி பாக்காதீங்க, நிறைய ஃபோன் அந்த துடிப்ப தானா மறைச்சுடும். ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டர 1/1000 இல்ல அதவிட வேகமா வச்சு லைட் பக்கத்துல கொண்டு போங்க, கருப்பு பட்டை பட்டையா ஓடுனா மாட்டுச்சு. பட்டை எவ்ளோ கருப்போ ஆட்டம் அவ்ளோ மோசம். ப்ரோ மோட் இல்லன்னா 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாருங்க.

பழைய குண்டு பல்புல இந்தத் தொல்லை கம்மி, ஏன்னா உள்ள இருக்கிற கம்பி ஆறுறதுக்குள்ள அடுத்த கரண்ட் அலை வந்துடும். எல்இடி அப்படி இல்ல, கரண்ட் குறைஞ்ச நொடியே மங்கிடும், உள்ள டிரைவர்ல (எல்இடிக்கு கரண்ட் அனுப்புற சர்க்யூட்) கரண்ட சீராக்குற நல்ல கெப்பாசிட்டர் இல்லன்னா கரண்டோட ஏத்த இறக்கம் அப்படியே வெளிச்சத்துல வந்துடும் (50 ஹெர்ட்ஸ் கரண்ட்னா 100 தடவ, 60ன்னா 120). அதுக்காக வீட்டு லைட் எல்லாத்தையும் மாத்தணும்னு கிளம்பாதீங்க, படிக்கிற இடம், வேலை பாக்கிற இடம் ரெண்டுலயும் இருக்கிற லைட்ட முதல்ல மாத்துங்க, அங்க தான் கண்ணு ஓயாம தாவித் தாவி ஓடுது. டிம்மர் இருந்தா முழு வெளிச்சத்துல வச்சு ஒரு தடவ, குறைச்சு வச்சு ஒரு தடவ செக் பண்ணுங்க, டிம்மருக்கு ஒத்துக்காத பல்பு குறைக்கும்போது தான் ஆட்டம் போடும். டப்பால ஃப்ளிக்கர் ஃப்ரீன்னு போட்டிருந்தாலும் பென்சில் டெஸ்ட் பண்ணாம விடாதீங்க. ட்யூப்லைட்னா எலக்ட்ரானிக் சோக் போடுங்க, செகண்டுக்கு 20,000க்கும் மேல ஓடும், மூளையால அத துரத்த முடியாது. ஃபோன் ஸ்க்ரீன்ல நிறைய ஓலெட் வெளிச்சத்த குறைக்கிறதே அணைச்சு அணைச்சு போட்டுத் தான், அதுல கண் வலிச்சா செட்டிங்ஸ்ல டிசி டிம்மிங்னு (அணைச்சு அணைச்சு போடாம கரண்ட குறைச்சு மங்க வைக்கிறது) ஏதாச்சும் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா வெளிச்சத்த ஏத்தி வச்சுட்டு ஸ்க்ரீன் மேல கருப்பு சாயம் போடுற ஆப் யூஸ் பண்ணலாம்.

இப்போ சொல்றத தயவுசெஞ்சு நல்லா படிங்க. கண்ணுக்கே தெரியிற மாதிரி மின்னுற வெளிச்சம், அதுவும் செகண்டுக்கு 3ல இருந்து 30 தடவ, இது வேற ரகம். சிலருக்கு, முக்கியமா சின்னப் பசங்களுக்கும் டீனேஜ் பசங்களுக்கும், இது வலிப்பையே கொண்டு வரும், 15ல இருந்து 20 தான் ரொம்ப மோசம். 1997 டிசம்பர்ல ஜப்பான்ல ஒரு டிவி கார்ட்டூன்ல செவப்பும் நீலமும் மாறி மாறி மின்னினதுல 600க்கும் மேல ஆளுங்க, பெரும்பாலும் குழந்தைங்க, ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதனால ஸ்ட்ரோப் ஆப் போட்டு "என் மூளை என்ன பண்ணுதுன்னு பாக்கறேன்"னு யாரும் விளையாடாதீங்க, தனக்கு இந்த பாதிப்பு இருக்குன்னு முதல் வலிப்பு வர்ற வரைக்கும் நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது.

அப்படி மின்னுற வெளிச்சத்துல மாட்டிக்கிட்டு தலை ஒரு மாதிரி ஆனா, ஒரு கண்ண உள்ளங்கையால முழுசா பொத்திக்கிட்டு முகத்த வேற பக்கம் திருப்புங்க. ரெண்டு கண்ணையும் சும்மா மூடுறது போதாது, இமை வழியா செவப்பு வெளிச்சம் பார்வை பூரா பரவி இன்னும் மோசமாகலாம். ஒரு கண்ண பொத்தினா மூளைல ஒரே நேரத்துல சேந்து துடிக்கிற செல்கள் குறைஞ்சுடும். பக்கத்துல யாருக்காச்சும் வலிப்பு வந்துட்டா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாய்ல எதையும் திணிக்காதீங்க, கடிகாரத்த பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. கை தானா உதறுறது, நினைவு சட்டுனு தப்பிப் போறதுன்னு ஒரு தடவ நடந்திருந்தாலும் நரம்பு டாக்டர்கிட்ட போங்க, ஈஈஜி எடுக்கும்போதே லைட்ட மின்ன வச்சு பாக்கிற டெஸ்ட் இருக்கு.

புது பல்பு போட்டதும் அதோட அடில தேதிய மார்க்கர்ல எழுதி வைங்க, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் சூட்டுல நாளாக ஆக காஞ்சு போகும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவயாச்சும் பென்சில எடுத்து திரும்ப ஆட்டிப் பாருங்க.