இடையில் வந்து சேர்ந்த பொறியியல் மாணவருக்கு: முதல் செமஸ்டரில் செய்ய வேண்டியவை

வேறு கல்லூரியிலிருந்து டிரான்ஸ்ஃபரில் வருபவர் முதல் செமஸ்டரில் தடுமாறுவதற்கு மூளை காரணமல்ல. பாடத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியாததும், தெரிந்தாலும் கேட்கக் கூசுவதும்தான் காரணம்.

வகுப்பு தொடங்குமுன் பழைய சிலபஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, தலைப்புக்குத் தலைப்பு ஒப்பிடுங்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருப்பதை நம்பக்கூடாது. ஓரிடத்தில் இரண்டாம் கணிதத் தாளில் வரும் லாப்லாஸ் உருமாற்றம் இன்னோரிடத்தில் மூன்றாம் தாளில் இருக்கும். கிரெடிட் கிடைத்துவிட்டது, பாடம் கிடைக்கவில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. புதிய பாடத்துக்கு அடிப்படையான முன்பாடத்தின் பழைய வினாத்தாளிலிருந்து நான்கு கணக்குகள் எடுத்து, புத்தகம் பார்க்காமல் போடுங்கள். இரண்டில் சிக்கினால் அந்த அத்தியாயத்தை முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் குறி வழக்கம், அதாவது எதை நேர்க்குறியில், எதை எதிர்க்குறியில் எடுப்பது என்ற ஏற்பாடு. வெப்ப இயக்கவியலில் வாயு 50 ஜூல் வெப்பம் பெற்று 20 ஜூல் வேலை செய்தால் அக ஆற்றல் 30 ஜூல் கூடும். சில புத்தகங்கள் வாயு செய்யும் வேலையை நேர்க்குறியில் எடுத்து வெப்பத்திலிருந்து கழிக்கும். வேறு சில வாயுவின் மேல் செய்யப்படும் வேலையை நேர்க்குறியில் எடுத்துக் கூட்டும். பழைய குறியையும் புதிய சூத்திரத்தையும் கலந்தால் விடை 70. உத்திரங்களின் வளைவுத் திருப்புத்திறனிலும் (பெண்டிங் மொமென்ட்) இதே வம்பு உண்டு. நிரல் எழுதும்போதும் கவனம்: மேட்லேப் வரிசையை 1-இலிருந்து எண்ணும், பைத்தான் 0-இலிருந்து.

விதி அனுமதித்தால் முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் பாடமா, அடுத்த ஆண்டுப் பாடம் எதற்காவது அடிப்படையா என்று ஆலோசகரிடம் கேட்ட பிறகே விடுங்கள். தவறானதை விட்டால் ஒரு வருடமே போய்விடும்.

பேராசிரியரைப் பார்க்க முதல் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது வாரமே போங்கள். கையில் நீங்கள் போட்டுப் பார்த்த தாள் இருக்கட்டும். "புரியலை சார்" என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? "மூன்றாவது வரியில் குறி ஏன் மாறுது சார்?" என்றால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

லேப் குழுக்கள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். புதிதாக வந்தவர் தலையில் ரெக்கார்ட் எழுதும் வேலை விழும், கருவியை மற்றவர்கள் தொடுவார்கள். இதற்கு மட்டும் இணங்கிப்போகாதீர்கள். பாதி அளவீடுகளை நான் எடுக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மின்னழுத்தத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் ப்ரோப் (அளக்கும் முனை) பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் 10 எக்ஸிலும் திரையின் அமைப்பு 1 எக்ஸிலும் இருந்தால் 5 வோல்ட் அரை வோல்ட்டாகத் தெரியும். இதையெல்லாம் கை வைத்துத்தான் கற்க முடியும்.

தவறுகளுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, எந்த வரியில் தவறு, ஏன். "கவனக்குறைவு" என்று எழுதுவதில் பயனில்லை. "அலகு மாற்றவில்லை", "விசைப் படத்தில் உராய்வை விட்டேன்" என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எட்டாம் வாரத்திலும் அதே வகைத் தவறு முதலிடத்தில் நின்றால், புதுக் கணக்குகளை நிறுத்திவிட்டு அந்த ஒரு வகையில் மட்டும் பத்து கணக்குகள் போடுங்கள்.