ஏமாளிக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர்கள்: மூலம் தேடுவது எப்படி?

பழைய ஆங்கில நாடகம் படிக்கும்போது பலரைத் தடுக்கி விடுவது ‘கல்’ (gull) என்ற சொல். அதே பெயருள்ள கடற்பறவை என்று எழுதிவிடாதீர்கள். ஏமாளி என்ற பொருளுக்கு மூலம் இறகு முளைக்காத குஞ்சாகவோ, ‘விழுங்கு’ என்ற பழைய வினையாகவோ இருக்கலாம்.

முதலில், ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதியில் அந்தப் பொருளுக்கான மிகப் பழைய மேற்கோளின் ஆண்டைப் பாருங்கள். அதற்குப் பின் நடந்ததை மூலமாகச் சொல்லும் கதையைத் தள்ளிவிடலாம்.

அடுத்து, அந்தப் பெயரை வைத்தது யார்? பெரும்பாலும் ஏய்ப்பவனே, அதனால்தான் இத்தனை வேட்டைப் பிராணிகள். ‘கோனி’ (cony) முயல், ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் கிரீன் 1591இல் இப்படி ‘முயல் பிடிக்கும்’, அதாவது ஏமாளிகளை வளைக்கும் எத்தர்களைப் பற்றியே சிறுநூல்கள் வெளியிட்டார். ‘பிஜன்’ (pigeon) இறகு பிடுங்கப்படும் புறா. ‘கட்ஜன்’ (gudgeon) எந்தத் தூண்டிலையும் கவ்வும் சிறுமீன். ‘சக்கர்’ (sucker) பால்குடி மறக்காத குட்டி, அதே பெயருள்ள மிட்டாய்க்குச் சம்பந்தமில்லை.

கோலாலம்பூரில் புழங்கும் ‘வாட்டர் ஃபிஷ்’ஷும் இந்த இனம்தான். கான்டனீஸ் என்ற சீன மொழிச் சொல்லின் நேர்பெயர்ப்பு. உண்மையில் அது மீனல்ல, மென்னோட்டு ஆமை!

தமிழாக்கத்தில் ‘இளிச்சவாயன்’ போதும். வாக்கியத்தில் வலையோ இறகோ தொடர்ந்து வந்தால் மட்டும் விலங்கை விட்டுவிடாதீர்கள்.