காலைக் குளிசை ஏன் பிந்தக் கூடாது? அட்ரீனல் நோயாளிகளின் பராமரிப்பில் நாம் விடும் தவறுகள்

பொத்துவிலில் இருந்து முதல் பஸ்ஸில் கிளினிக்குக்கு வருபவர்களைக் கவனித்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள், அதனால் காலைக் குளிசையும் போட்டிருக்க மாட்டார்கள். பதினொரு மணிக்கு வாங்கில் தலை சாய்த்துக் கிடப்பார்கள். கேட்டால், "வெயில் புள்ள, வேற ஒண்டுமில்ல" என்பார்கள். அடிசன் நோய் (அட்ரீனல் சுரப்பி பழுதாகி, கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் போதியளவு சுரக்காத நோய்) உள்ளவர் அப்படிச் சொன்னால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். சீனிக் குளிசையை நிறுத்தி வைப்பது போல, கோர்ட்டிசோலுக்குப் பதிலாகப் போடும் ஹைட்ரோகோர்ட்டிசோனை நிறுத்தக் கூடாது, ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். கோர்ட்டிசோல் அளவு பார்க்க டாக்டரே நிறுத்தச் சொன்னால் மட்டும் கதை வேறு. அப்போதும் இரத்தம் எடுத்த கையோடு குளிசை உள்ளே போக வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள்தான் கோர்ட்டிசோலையும், உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் அல்டோஸ்டிரோனையும் சுரக்கின்றன. அவை பழுதாகும் நோயை 1855 இல் தோமஸ் அடிசன் விவரித்தார். அந்த நோய் உள்ளவருக்கு ஒரு நாளில் 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன், இரண்டு மூன்று வேளையாக. அதில் பெரிய பங்கு விடிந்ததும். உடம்பு தானே சுரக்க வேண்டியதை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். அது சில மணித்தியாலங்கள்தான் நிற்கும்.

நானும் இதில் தவறு விட்டிருக்கிறேன். ஓர் இரவு டியூட்டி. காய்ச்சலோடு வந்தவருக்குக் குளிசை கொடுத்துச் சாட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பத்து நிமிடத்தில் அவர் சத்தி எடுத்தது எனக்குத் தெரியாது. விடியப்புறம் பார்த்தால் பிரஷர் 80/50, சீனி 48. "ராவு முழுக்கச் சத்தி மிஸ், நீங்க ஓடித் திரிஞ்சீங்க, அதுதான் கூப்பிடல்ல" என்றார் மனைவி. கொடுத்தேன் என்று எழுதியிருந்தேன், ஆனால் உடம்புக்குள் ஒன்றும் போகவில்லை. குளிசை போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். அதுவும் தங்காவிட்டால் ஊசிதான்.

அந்த ஊசி 100 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன். நரம்பு கிடைக்கவில்லை என்று மூன்று தடவை கையைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டாம், தொடைத் தசையில் போடலாம். டாக்டரை உடனே கூப்பிடுங்கள். சோடியம், பொட்டாசியம் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருப்பதுதான் நான் பார்த்ததில் ஆபத்தான தாமதம். கூடவே முதல் மணித்தியாலத்தில் வழக்கமாக ஒரு லீட்டர் நோர்மல் சேலைன். அப்புறம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம். ஒப்பரேஷனுக்காக "வாயால் ஒன்றும் இல்லை" என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டவரிடமும் இதே கவனம் வேண்டும். குளிசைக்குப் பதில் ஊசி எழுதியிருக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது இளநீர். எங்கள் பக்கம் சத்தி, வயிற்றோட்டம் என்றதும் கைக்கு முதலில் வருவது அதுதான். நல்ல சாமான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். அடிசன் நோயாளிக்கு இந்த நேரத்தில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுக்கலாம், அதையும் நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. பிரஷர்காரருக்குச் சொல்வது போல "உப்பைக் குறையுங்க" என்று இவர்களுக்கும் சொல்லிவிடுவது இன்னொரு பிழை. இவர்களின் உடம்பு உப்பை இழக்கிறது. கச்சான் காற்று வீசி வியர்க்கும் மாதங்களில் கருவாடு கேட்டால், ஆசைக்குக் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள்.

பிரஷரைப் படுத்தபடி மட்டும் பார்த்து "நோர்மல்" என்று எழுதாதீர்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒன்று, எழுந்து நின்ற பின் ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொன்று. மேல் எண் 20 இறங்கினால் சொல்ல வேண்டிய விஷயம். நிறம் மாறுவதும் எங்கள் கறுத்த தோலில் எளிதில் தப்பிவிடும். உள்ளங்கை ரேகைகளையும் முரசையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

அடிசன் நோய் அரிது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையைத் தாங்களே நிறுத்தியவர்கள்தான் அடிக்கடி வருவார்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் போட்டு, முகம் ஊதுகிறது என்று ஒரேயடியாக விட்டிருப்பார்கள். மூன்று நான்கு கிழமைக்கு மேல் போட்டால் சுரப்பி தூங்கிவிடும், அதை எழுப்ப டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்: காய்ச்சல் 38 பாகை தாண்டினால் டாக்டர் எழுதியபடி குளிசை இரண்டு மடங்கு, சத்தி நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. காத்தான்குடி, கல்முனைப் பக்கத்தவர் என்றால் நோன்பு பற்றியும் கேட்பேன், றமழானுக்கு ஒரு மாதம் முன்பே. நோன்பு தொடங்கிய பிறகு கேட்டால், "சஹருக்குப் போட்டுட்டன் மிஸ், மத்தியானத்தான் விட்டுட்டன்" என்ற பதில்தான் வரும்.