ஆயாக் கொட்டகையில் நம் பிள்ளைக்கும் ஓர் இடம்: பீடோங் வட்டாரப் பெற்றோருக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலோ அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலோ வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா கிடைப்பதே பெரும்பாடு. பிள்ளைக்கு வலிப்போ, மூளை முடக்குவாதமோ, ஆட்டிசமோ இருந்துவிட்டால் "எனக்குப் பழக்கமில்லம்மா, வேற இடம் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேர் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் தலையில் விழுமே என்று பயப்படுகிறார்கள். பயம் எதைப் பற்றியது என்று கேட்டு, அதைக் கையால் செய்துகாட்டிப் பழக்கினால் அதே ஆயா ஒப்புக்கொள்வதுண்டு. அதற்கு முன் காகித வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை

அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குப் போங்கள். பதிவுப் பாரத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். கையெழுத்தும் முத்திரையும் இரண்டும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். முத்திரை இல்லாத பாரம் திரும்பி வரும், ஒரு நாள் சம்பளம் போகும். பிள்ளையின் மைகிட் (சிறுவர் அடையாள அட்டை), பெற்றோரின் அடையாள அட்டை நகல்கள், பாஸ்போர்ட் அளவு படம் ஆகியவற்றோடு சமூகநல இலாகாவில் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். கட்டணம் கிடையாது. பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளையென்றால் தேசியப் பதிவு இலாகாவில் தாமதப் பதிவிலிருந்து தொடங்க வேண்டும். அது தனிப் போராட்டம்.

கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. உங்கள் தோட்டம் ஞாயிறு ஓய்வு விடுவதாக இருந்தால், சம்பளம் இழக்காமல் இலாகாவுக்குப் போக அந்த நாள் தோது.

அட்டையில் ஏழு பிரிவுகள் உண்டு: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை. நடக்க முடியாத பிள்ளைக்கு 'உடல்' என்று மட்டும் போட்டுவிட்டு, கற்றலிலும் பின்தங்கியிருப்பதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பிறகு பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகும்போது அது இடிக்கும். இரண்டும் இருந்தால் பல்வகைப் பிரிவில் போடலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

எங்கே விடலாம்

சமூகநல இலாகாவின் ஆதரவில் உள்ளூர்க் குழுக்கள் நடத்தும் சமூக மறுவாழ்வு மையங்களைப் பலரும் பிடிகே என்பார்கள். 1984-ல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் இது. பயிற்சி நன்றாக இருக்கும், ஆனால் நேரம் உதைக்கும். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) விடியலில் போகும் தாய்க்கு, எட்டு மணிக்குத் திறந்து மதியம் மூடும் மையம் பாதி உதவிதான். அதனால் பிடிகேயைக் குழந்தைக் காப்பகத்துக்குப் பதிலாக நினைக்காமல், ஆயா வீட்டிலிருந்து போய்வரும் இடமாக வைத்துத் திட்டமிடுங்கள். யார் கொண்டுபோய் விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் எல்லாம் அறுந்துபோகிறது.

தாஸ்காக்கள், அதாவது குழந்தைக் காப்பகங்கள், 1984-ம் ஆண்டின் 308-வது சட்டத்தின் கீழ் வருபவை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு வேண்டும். மூன்று பேர் வரை பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேண்டாம். சிக்கல் என்னவென்றால், நம் பிள்ளைக்கு ஆறு வயதாகியும் பராமரிப்பு இரண்டு வயதுப் பிள்ளைக்கானதாகவே இருக்கும். தாஸ்கா வயதைத் தாண்டியவர்கள் நான்கு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால், பராமரிப்பு மையங்களுக்கான 1993-ம் ஆண்டின் 506-வது சட்டம் பொருந்துமா என்று இலாகாவில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தாஸ்காவில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பேருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. தூக்கி ஊட்டிவிட வேண்டிய பிள்ளையை இரண்டு தலையாக எண்ணிப் பாருங்கள். அப்படி எண்ணியும் ஆயாவுக்குக் கை மிஞ்சினால் அந்த இடம் பரவாயில்லை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு கேட்பதில் தப்பில்லை. கூலி கட்டுப்படியாகாமல் இரண்டாம் மாதம் அவர் விலகுவதைவிட, முதலிலேயே பேசி முடிப்பது நல்லது.

தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ம் ஆண்டின் 446-வது சட்டம் பிள்ளைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. காலியாகக் கிடக்கும் ஒரு லயன் வீட்டை (தொழிலாளர் வரிசை வீட்டை) தரச் சொல்லித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளை வழியாக எழுத்தில் கேட்டால், வாய்ப்பேச்சுக்கு இல்லாத மரியாதை அதற்குக் கிடைக்கும்.

ஊட்டுவது

ஆயாக்கள் அதிகம் பயப்படுவது வலிப்புக்கு. ஆனால் தினமும் ஆபத்து வருவது சாப்பாட்டில். பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கஞ்சியை வாயில் ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அந்த நிலையில் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அடிக்கடி நெஞ்சுச்சளி, காய்ச்சல் என்று வார்டில் படுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். இடுப்பும் முழங்காலும் 90 டிகிரி மடங்கியிருக்க வேண்டும், பாதம் தொங்காமல் பலகையில் பதிய வேண்டும், தாடை சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஊட்டுபவர் முக்காலி போட்டு எதிரே, பிள்ளையின் கண் மட்டத்தில் உட்காரட்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை தலையைத் தூக்கும், தொண்டை மறுபடி பின்னால் சாயும். அரைக் கரண்டி, விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த அரைக் கரண்டி. இருமல், கண்ணில் நீர், தொண்டையில் கரகரவென்ற ஈரச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. தண்ணீரும் மைலோவும்தான் கஞ்சியைவிடச் சுலபமாகத் தவறிப் போகும். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதை மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லட்டும், நாமாக மாவு கலக்க வேண்டாம்.

நாற்காலி செய்ய தச்சரிடம் போனால் இரண்டு அளவு கொடுங்கள்: முதுகிலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை உள்ள நீளத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைத்தது உட்காரும் பலகைக்கு; முழங்காலிலிருந்து குதிகால் வரை உள்ளது கால்பலகைக்கு. பலகை நீளமானால் பிள்ளை வழுக்கிக் கீழே இறங்கும்.

வலிப்பும் வாசலும்

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, பக்கத்தில் உள்ள சாமான்களை நகர்த்த வேண்டும். வாயில் கரண்டியோ விரலோ வைக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்து திணித்துப் பயனில்லை, அந்த நேரத்தில் மணியைப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால் 999-க்கு அழைக்க வேண்டும். தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வழி தவறுவது சகஜம், அதனால் ஒருவர் மெயின் ரோட்டுக்கு ஓடி நிற்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். தமிழ் ஆயாவுக்கு, மலாய் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு. மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, ஒவ்வாமை, தோட்டத்துக்கு வரும் வழி, இரண்டு தொலைபேசி எண்கள். சிரப்பைக் கரண்டியால் அளக்க விடாதீர்கள். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு. மருந்தகத்தில் கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு கிழித்துக் கொடுங்கள்.

வாசற்படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதைவிடச் சரிவாக வைத்த பலகையில் மழை நாளில் சக்கர நாற்காலி பின்னால் உருளும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சாய்தளம் வேண்டாம், கேட் வேண்டும். தண்ணீரைக் கண்டால் ஓடும் பிள்ளைகள் பலர், லயன் வீட்டுக்கு முன்னால் கால்வாய் இருக்கிறது. தாழ்ப்பாளைப் பெரியவர்கள் தோள் உயரத்தில் போடுங்கள், கைக்கெட்டும் உயரத்தில் போட்டுவிட்டு 'இவன் திறக்க மாட்டான்' என்று நம்பாதீர்கள்.

பழக்குவது

முதல் நாளே முழு நேரம் விட்டால் பிள்ளை அழுது சாப்பிடாமல் கிடக்கும், ஆயா இரண்டே நாளில் கைவிரிப்பார். "ஆயாம்மா, முதல்ல நானும் கூட இருக்கேன், நீங்க பாத்துக்கங்க" என்று கேட்டு இரண்டு மணி நேரம் ஊட்டிக் காட்டுங்கள். அடுத்த சில நாட்கள் அவர் ஊட்டட்டும், நீங்கள் வாய் திறக்காமல் பாருங்கள். இதுதான் தாய்மாருக்குக் கஷ்டம். பிறகு பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு விடுங்கள். முழு நேரம் அதற்கப்புறம். ஆயாவுக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு மாற்று ஆளும் இதே பயிற்சியை எடுத்திருக்க வேண்டும்.

படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குச் சமூகநல இலாகா தரும் உதவித்தொகை 2021-ல் மாதம் 500 ரிங்கிட்டாக உயர்ந்தது. அது முழு நேரம் பார்த்துக்கொள்பவருக்கானது. வேலைக்குத் திரும்பப் போகிறீர்கள் என்றால் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு திருப்பிக் கேட்டால் தலைவலி.

பள்ளி வயது வந்ததும் சிறப்புக் கல்வி வகுப்புக்கு விண்ணப்பியுங்கள். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் பள்ளிகளில் நடப்பில் இருக்கிறது. ஆனால் ஆயாவை விட்டுவிடாதீர்கள். வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடும், கெடாவில் பள்ளி வெள்ளியும் சனியும் இல்லை. தோட்டத்தில் அந்த நாட்களில் வேலை இருந்தால், அந்த இரண்டு நாளுக்கு முழு நேரக் கூலி என்று ஆயாவிடம் பள்ளி தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.